கன்வர்ஜென்ஸ்: குவிதலா, ஒருங்கலா?

மதுரையிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். முதுகலை மாணவர்களுக்கான வட்டாரப் பொருளியல் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஏழை வட்டாரம் வேகமாக வளர்ந்து பணக்கார வட்டாரத்தை நெருங்குவதைக் கன்வர்ஜென்ஸ் என்கிறார்கள். இடைவெளி ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு குறைகிறது என்று பொருளியலாளர்கள் பாரோவும் சாலா-இ-மார்ட்டினும் கணக்கிட்ட சங்கதி. அந்த வேகத்தில் இடைவெளி பாதியாகவே 35 ஆண்டு ஆகும். இதற்குத் தமிழில் என்ன போடுவது? கையில் இருக்கும் சொற்பட்டியலில் ‘குவிதல்’ என்று இருக்கிறது. போட்டுவிடலாமா?

கோவையிலிருந்து:
போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். செல்வம் குவிகிறது என்றால் ஓரிடத்தில் சேர்கிறது என்றுதானே பொருள்? மும்பையில் குவிகிறது, பீகாரில் வற்றுகிறது. ‘வட்டார வருமானக் குவிதல்’ என்று படித்த பையன் ஏற்றத்தாழ்வு கூடுகிறது என்றே தேர்வில் எழுதுவான். அவன் மேல் தப்பில்லை. லென்ஸுக்குக் குவிதல் சரி.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பக்கம் கணிதத்தில் ஒருங்கல் என்றுதான் படிப்பிக்கிறோம். மாணவருக்குப் பழகிய சொல். புதிதாக ஒன்றுக்கு ஏன் மினக்கெட வேண்டும்?

மதுரையிலிருந்து:
ஐயா, அத்தியாயத்தின் கேள்வியே சந்தைகளின் ஒருங்கிணைவு இதைத் தருமா என்பதுதான். ‘ஒருங்கிணைவு ஒருங்கலைத் தருமா’ என்று உரக்கப் படித்துப் பாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
குறள் 425-ஐ எல்லாரும் மறந்துவிட்டீர்களே! மலர்தலும் கூம்பலும். விலகி விரிவதற்கு மலர்தல், சேர்ந்து வருவதற்குக் கூம்பல். குவி, கூப்பு, கூம்பு எல்லாம் ஒரு குடும்பம். புறநானூறு 30-இல் பாய்மரத்துக்கும் கூம்பு என்றே பெயர். பாய் களையாமல் புகாருக்குள் நுழைகிறது பெருங்கலம். துறைமுகம், கடல்வாணிகம், வட்டார வளர்ச்சி, இத்தனையும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது.

கோவையிலிருந்து:
ஐயா, மன்னிக்கவும். என் வகுப்பில் கூம்பு என்றால் ஐஸ்கிரீம். அப்புறம், ‘வட்டார வருமானங்கள் மலர்கின்றன’ என்பது கெட்ட செய்தி என்று யாருக்குத் தோன்றும்?

தஞ்சாவூரிலிருந்து:
தோன்றாதது சொல்லின் குற்றமா? ‘கேப் குறைதல்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள், எளிமையாக இருக்கும்.

சென்னையிலிருந்து:
சண்டைக்கு நடுவே ஒன்று. இதில் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. பீட்டா வகை: பின்தங்கியது வேகமாக வளர்வது. சிக்மா வகை: வட்டாரங்களுக்கு இடையிலான வருமான வேறுபாடு, அதாவது பரவல், குறைவது. முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது. முதலாவது வந்தாலும் இரண்டாவது வந்தே தீரும் என்றில்லை. எந்த எல்லைக்குள் அளக்கிறோம் என்பதும் முக்கியம். ருமேனியாவைப் பாருங்கள். 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. நாடாக எடுத்தால் மேற்கை மளமளவென்று நெருங்கியது. உள்ளே போனால், ஆள்வீத உற்பத்தியில் தலைநகர் புக்கரெஸ்ட் ஒன்றியத்தின் சராசரியையே தாண்டிவிட்டது. மால்டோவாவை ஒட்டிய வடகிழக்கு வட்டாரமோ, பின்தங்கிய பகுதி என்று உதவி நிதி தர ஒன்றியம் வைத்திருக்கும் கோட்டுக்கு, அதாவது அந்தச் சராசரியின் 75 விழுக்காட்டுக்கு, வெகு கீழே கிடக்கிறது. ஒற்றைச் சொல்லைப் போட்டால் இது மாணவர் கண்ணில் படாது. பீட்டாவுக்கு ‘எட்டிப்பிடித்தல்’, சிக்மாவுக்கு ‘பரவல் சுருக்கம்’, பொதுவாக ‘நெருங்கல்’ என்று வைக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
பாதி இடைவெளிக்கே 35 ஆண்டு என்கிறீர்கள். அதில் எதை எட்டி, எதைப் பிடித்தது? சொல்லிலிருந்து சொல் பிறக்கவும் வேண்டுமே. ‘ஒருங்கற் குணகம்’ எழுதலாம். ‘எட்டிப்பிடித்தல் குணகம்’ வாயில் நுழையுமா?

கோவையிலிருந்து:
‘நெருங்கல் வீதம்’ நன்றாகவே நுழைகிறது. என் வாக்கு அதற்கு.

மதுரையிலிருந்து:
வியாழன் இரவாகிவிட்டது. எதிர்ப்புக் குறைவாக இருப்பது நெருங்கலுக்குத்தான், அதைப் போடுகிறேன். எட்டிப்பிடித்தல் பீட்டாவுக்கு மட்டும். ஒருங்கல் அடிக்குறிப்பில் வரும்.

தஞ்சாவூரிலிருந்து:
அந்த அடிக்குறிப்பில் கூம்பலுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் வகுப்புக்கு எடுக்கும்போது நான் ஒருங்கல் என்று மாற்றித்தான் எடுப்பேன். இப்போதே சொல்லிவைக்கிறேன்.