ஜிமெயில் பாஸ்வேர்ட் ரெண்டு தடவை மாத்தியும் யாரோ உள்ளே வர்றாங்க, அவசரம்

அழைப்பிதழ்_செல்வி | காலை 9:12
வணக்கம். நான் அனுப்பாத மெயில் என் ஜிமெயில்ல இருந்து கஸ்டமர் எல்லாருக்கும் போயிருக்கு. நேத்து ராத்திரி பாஸ்வேர்ட் மாத்தினேன். காலையில பார்த்தா மறுபடி போயிருக்கு. திரும்ப மாத்தினேன், அரை மணி நேரத்துல அதே கதை. ஓடிபி வர்ற மாதிரிதான் வச்சிருக்கேன். முகூர்த்த மாசம், பத்துப் பத்திரிகை ப்ரூஃப் நிக்குது. என்ன செய்யறதுன்னு சீக்கிரம் சொல்லுங்க.

மதுரை_கணேசன் | 9:20
எந்த விண்டோஸ்? எந்த பிரவுசர்? பாஸ்வேர்ட் மாத்தினது போன்லயா, கம்ப்யூட்டர்லயா?

நெட்_முருகன் | 9:24
இது சிம் ஸ்வாப்பேதான். உங்க நம்பர்ல வேற சிம் வாங்கி ஓடிபியை அங்க எடுக்கறாங்க. உடனே சிம் கம்பெனிக்குப் போங்க.

ராஜி | 9:31
போன மெயில்ல என்ன இருக்கு, லிங்க்கா அட்டாச்மென்ட்டா? எதுவா இருந்தாலும் கஸ்டமருக்கெல்லாம் போன் பண்ணி, திறக்க வேண்டாம்னு முதல்ல சொல்லிடுங்க. மெயில்ல சொல்லாதீங்க, நம்ப மாட்டாங்க.

பழைய_பென்டியம் | 9:40
இதே கேள்விக்கு இங்க பல தடவை பதில் எழுதியிருக்கேன். கேக்கறதுக்கு முன்னாடி தேடிப் பாக்கணும். விண்டோஸ் 10-ஆ இருந்தா காரணம் அதுதான். 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு இலவச அப்டேட் நின்னு போச்சு. கம்ப்யூட்டரை வச்சுப் பிழைக்கறவங்க இதைக்கூடத் தெரிஞ்சுக்கலைன்னா எப்படி?

அழைப்பிதழ்_செல்வி | 9:58
போன்ல சிக்னல் நல்லா இருக்கு, சிம் வேலை செய்யுது. விண்டோஸ் 10, குரோம். ரெண்டு தடவையும் கம்ப்யூட்டர்லதான் மாத்தினேன். மெயில்ல ஒரு ஜிப் ஃபைல் இருக்கு.

மதுரை_கணேசன் | 10:03
இந்த ஒரு வாரத்துல புதுசா ஏதாவது இன்ஸ்டால் பண்ணீங்களா?

அழைப்பிதழ்_செல்வி | 10:15
தம்பி ஒரு டிசைன் சாஃப்ட்வேரோட கிராக் (காசு குடுக்காம ஓட வைக்கிற திருட்டுக் காப்பி) போட்டான். ஒரு வீடியோவுக்குக் கீழே இருந்த லிங்க். அந்த ஜிப்புக்கு 1234-ன்னு பாஸ்வேர்ட் குடுத்திருந்தாங்க. விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸ் டிஃபெண்டரை ஆஃப் பண்ணிட்டுப் போடச் சொல்லி இருந்துச்சு. டபுள் கிளிக் பண்ணதும் கறுப்பா ஒரு பெட்டி வந்து மறைஞ்சுது. சாஃப்ட்வேர் திறக்கவே இல்ல. மெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு தோணல.

மதுரை_கணேசன் | 10:34
அக்கா, அந்தக் கறுப்புப் பெட்டிதான். அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து நெட் கேபிளை இப்பவே பிடுங்கிடுங்க. வைஃபைன்னா அதையும் நிறுத்துங்க.

கம்ப்யூட்டர்ல இருக்கிற பாஸ்வேர்ட், குக்கீ எல்லாத்தையும் திருடி அனுப்பற இந்த வகைக்கு இன்ஃபோஸ்டீலர்னு பேரு. லம்மான்னு ஒண்ணு இருக்கு. 2025 மார்ச் 16-ல இருந்து மே 16 வரைக்கும் ரெண்டே மாசத்துல 3,94,000-க்கு மேல விண்டோஸ் கம்ப்யூட்டர்ல அது புகுந்திருந்ததா மைக்ரோசாஃப்ட் கணக்கு சொல்லுச்சு. ஜிப்புக்கு பாஸ்வேர்ட் வைக்கிறதே, ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பாக்கக் கூடாதுன்னுதான்.

ஓடிபி கேக்கறது லாகின் ஆகறப்ப மட்டும். உள்ளே போனதும் குரோம் ஒரு குக்கீயை வச்சுக்கும், கோயில்ல டிக்கெட் கிழிச்சுக் குடுத்த மாதிரி. அந்தத் துண்டைத் திருடினவனை மறுபடி யாரும் வாசல்ல நிறுத்திக் கேக்க மாட்டாங்க. பாஸ்வேர்ட் மாத்தினா பழைய துண்டு செல்லாது. ஆனா நீங்க அதே கம்ப்யூட்டர்ல மாத்தினதால புதுசும் அவன் கைக்குப் போயிருக்கு.

அதனால போன்ல, மொபைல் டேட்டாவுல செய்யுங்க. கூகுள் கணக்கு, பாதுகாப்பு, உங்கள் சாதனங்கள். தெரியாதது எல்லாத்தையும், அந்தக் கம்ப்யூட்டரையும் சேர்த்து வெளியேத்துங்க. அப்புறம் பாஸ்வேர்ட். மீட்பு நம்பரும் மீட்பு மெயிலும் உங்களோடதுதானான்னு பாருங்க. குரோம்ல சேமிச்சு வச்ச பாஸ்வேர்ட் அத்தனையும் போயிருக்கும்னே வச்சுக்கோங்க. பேங்க்ல ஆரம்பிங்க. பணம் ஏதாவது போயிருந்தா ஒரு நிமிஷம் யோசிக்காம சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்க.

இன்னொண்ணு. ஜிமெயில் அமைப்புகள்ல ஃபில்டரையும் (வர்ற மெயிலைத் தானா ஒதுக்கற விதி) ஃபார்வர்டிங்கையும் (வர்ற மெயிலைத் தானா வேற முகவரிக்கு அனுப்பறது) பாருங்க, அவன் ஏதாவது வச்சிருக்கலாம். ஆப்ல அது வராது. நம்பிக்கையான வேற கம்ப்யூட்டர்ல பாக்கணும். நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான்.

பழைய_பென்டியம் | 10:41
விண்டோஸ் 11-ஆ இருந்திருந்தா இது நடந்திருக்காது.

மதுரை_கணேசன் | 10:44
நடந்திருக்கும் சார். டிஃபெண்டரை நாமளே நிறுத்திட்டு நாமளே கதவைத் திறந்துவிட்டா 10 என்ன, 11 என்ன. அப்டேட் வேணும்ங்கறது சரி, இங்க ஓட்டை அது இல்ல.

ராஜி | 10:52
எல்லா பாஸ்வேர்டையும் இனிமே ஒரு நோட்டுல எழுதி பீரோவுல வைங்க அக்கா. பிரவுசர்ல வேண்டாம்.

நெட்_முருகன் | 10:55
நோட்டுலயா? வீட்டுக்கு வர்றவங்க எடுத்துட்டா? மாசத்துக்கு ஒரு தடவை மாத்தறதுதான் பாதுகாப்பு.

ராஜி | 11:02
வெளிநாட்டுல உக்காந்திருக்கிற திருடனால என் பீரோவைத் திறக்க முடியாது. பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையரே 2005-ல, கடினமான பாஸ்வேர்டா வச்சு எழுதிப் பர்ஸ்ல வச்சுக்கோன்னு சொன்னவர்தான்.

பழைய_பென்டியம் | 11:10
மாசாமாசம் மாத்தற யோசனை எப்பவோ கைவிட்டாச்சு. 2003-ல அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்கு அந்த விதியை எழுதின பில் பர்ரே 2017-ல வருத்தம் தெரிவிச்சார். கட்டாயப்படுத்தினா ஜனங்க கடைசி எண்ணை மட்டும் 1, 2-ன்னு மாத்துவாங்க. ஆனா நோட்டையும் நான் ஏத்துக்க மாட்டேன். பாஸ்வேர்டையெல்லாம் பூட்டி வைக்கிற பாஸ்வேர்ட் மேனேஜர் ஆப் எதுக்கு இருக்கு?

ராஜி | 11:16
எங்க அம்மாவுக்கு 67 வயசு. அவங்களுக்கு மேனேஜர் பழக்கற வரைக்கும் நோட்டு இருக்கட்டும் சார்.

நெட்_முருகன் | 11:30
செல்வி அக்கா, சிம்மையும் ஒரு தடவை விசாரிங்க. தப்பில்ல.

மதுரை_கணேசன் | மதியம் 2:05
அக்கா, என்ன ஆச்சு?

அழைப்பிதழ்_செல்வி | மறுநாள் இரவு 8:47
சாதனங்கள் பக்கத்துல நான் போகாத ஊர்ல ஒரு விண்டோஸ் இருந்துச்சு. வெளியேத்திட்டு போன்ல மாத்தினேன். அதுக்கப்புறம் மெயில் போகல. பக்கத்து வீட்டு லேப்டாப்ல பார்த்ததுல ஃபில்டர் ஒண்ணு கிடைச்சுது: 'செக்யூரிட்டி'ங்கற வார்த்தை இருந்தா நேரா குப்பைக்கு. கூகுள் அனுப்பின எச்சரிக்கை ஏழு மெயில் அங்க கிடந்துச்சு. ஒண்ணைக்கூட நான் பார்க்கல. பேங்க்ல பணம் போகல. கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணக் குடுத்திருக்கேன். தம்பி சாப்பிடாம உக்காந்திருக்கான், அவனை நான் திட்டல. கணேசன் தம்பிக்கு ரொம்ப நன்றி. ப்ரூஃப் வேலை இருக்கு.

மதுரை_கணேசன் | 9:01
பழைய டிசைன் ஃபைலை பென்டிரைவ்ல எடுத்திருந்தா, புது விண்டோஸ்ல டிஃபெண்டரை ஆன்ல வச்சு ஸ்கேன் பண்ணிட்டு அப்புறம் திறங்க. அந்த ஜிப் அதுலயும் இருக்கலாம்.