பண்டாரவளை கச்சேரி ரெக்கோர்டிங் திறக்கவில்லை, தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. எழுபது வயதைத் தாண்டிய ஒரு ரொக் கிட்டார் கலைஞர் போன சனிக்கிழமை பண்டாரவளையில் ஒரு சின்ன மண்டபத்தில் வாசித்தார். அவருடைய அனுமதியோடு முழுக் கச்சேரியையும் பதிவு செய்தேன். கடைசிப் பாட்டின் நடுவில் ரெக்கோர்டர் தானாக நின்றுவிட்டது. இப்போது ஃபைல் திறக்கவே மாட்டேன் என்கிறது.

கையடக்க ஸ்டீரியோ ரெக்கோர்டர். வேவ் ஃபைல், 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்ட். ஃபைல் அளவு சுமார் 1.5 ஜிபி. இந்தத் தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 1 ஜிபிக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும், ஆகவே ஒன்றரை மணித்தியாலமும் உள்ளேதான் இருக்கிறது.

கார்டில் அதற்குப் பிறகு எதுவும் பதியவில்லை, முழுப் பிரதி எடுத்து அதில்தான் வேலை செய்கிறேன். விஎல்சி பிளேயரில் திறக்கவில்லை. கண்டியில் ஒரு கடையில் ஃபார்மட் பண்ணச் சொன்னார்கள், நான் சம்மதிக்கவில்லை. ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 'ரோ டேட்டா'வாக (ஃபைல் வகையைப் பார்க்காமல் வெறும் பைட்டுகளாக), 24 பிட், ஸ்டீரியோ, லிட்டில் எண்டியன் (பைட்டுகளின் வரிசை முறை), 48000 என்று கொடுத்தால் திறக்கிறது. ஆனால் காதைக் கிழிக்கும் இரைச்சல்தான். பாட்டுகளுக்கு இடையில் அந்த இரைச்சல் மாறுகிறது. 24 பிட்டில் ஒவ்வொரு ஒலி அளவீட்டுக்கும் மூன்று பைட் என்பதால், தொடங்கும் பைட் ஒன்றிரண்டு தள்ளி நின்றாலே இப்படி ஆகும் என்று நினைக்கிறேன்.

மற்றவர்கள் போனில் எடுத்தவற்றில் ட்ரம் சத்தம் மட்டும்தான். பெரியவரின் கிட்டார் தெளிவாக இருப்பது இதில் மட்டுமே, அவருக்கே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

ரெக்கோர்டர் இடையில் நின்றதால் தலைப்பகுதி (ஒலியின் தரம், அளவு போன்ற விவரங்கள் இருக்கும் ஃபைலின் தொடக்கம்) எழுதப்படாத இப்படியான வேவ் ஃபைலில், ஒலி சரியாகத் தொடங்கும் பைட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?