ராயபுரத்தில் பார்த்த நாடகம்: சாவு வீட்டில் அந்தச் சிரிப்பும் ஆட்டமும் சரியா?

தண்டையார்பேட்டைக்காரன்

சனிக்கிழமை ராத்திரி ராயபுரத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் புது நாடகம் ஒன்று பார்த்தேன். ரெண்டு நாளாக வேறு நினைப்பே இல்லை. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. 68 வயது அம்மா மாரடைப்பில் போய்விட்டாள். மேடை நடுவில் ஐஸ் பெட்டி. உள்ளே ஆள் இல்லை, மடித்து வைத்த ஒரு பச்சைப் புடவை மட்டும்தான். பெரியவன் ஹார்பரில் வேலை செய்கிறான். சின்னவன் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போனவன். நடுவில் பிறந்த பெண்ணை எண்ணூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா பெரம்பூர் பின்னி மில் தொழிலாளி. 1996இல் மில் மூடியபோது வந்த பணத்தில் கால் கிரவுண்டு வீடு வாங்கினார். அவர் போன பிறகு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்க, தங்கை போட மறுத்துவிட்டாள். 11 வருஷமாகப் பேச்சில்லை. இப்போது அம்மாவின் பெட்டிக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

விடிகாலை மூணு மணி இருக்கும். சின்னவன் தன்னையறியாமல் சொல்கிறான்: "ஞாயித்துக்கெழம காசிமேட்டுலேர்ந்து மீன் வாங்கியாந்தா, வஞ்சிரத்துல நடுத்துண்ட என் சோத்துக்குள்ள பொதைச்சு வெப்பா. மத்தவங்ககிட்ட சொல்லாதடான்னுவா." தங்கை மெல்லத் தலையைத் தூக்குகிறாள். "எனக்குந்தான்." பெரியவன் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறான். அப்புறம், "எனக்கும்" என்கிறான். அம்மாவுக்குத் தான்தான் செல்லம் என்று மூணு பேரும் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆரம்பித்த சிரிப்பு அடங்கவே மாட்டேன் என்கிறது. அழுகையும் கூடவே வருகிறது. அந்த நேரம் பார்த்து வாசலில் கானா தொடங்க, தங்கை எழுந்து ஆடுகிறாள்.

நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாது, அவரும் அழுதார். ஒரு காலத்தில் வால்டாக்ஸ் ரோட்டு ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகம் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்றைக்கு ஒரு நாடகம் பார்க்க மயிலாப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. நம் வீட்டுச் சாவை நம் தெருவிலேயே ஒருத்தர் மேடை ஏற்றியிருக்கிறார். தயவுசெய்து போய்ப் பாருங்கள்.

மணிக்கூண்டு

அண்ணே, நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். மீன் துண்டுக் காட்சியில் எனக்கும் தொண்டை அடைத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த ரெண்டு விஷயங்களை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலாவது அந்த ஆட்டம். வடசென்னை என்று யார் எதை எடுத்தாலும் சாவு, மேளம், ஆட்டம். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 35 வருஷம் வெல்டிங் செய்து ஓய்வு பெற்றவர் என் அப்பா. அவர் மாதிரி ஆட்கள் எந்த மேடையிலும் வருவதில்லை. இங்கே ஒருத்தர் உயிரோடு இருந்ததை யாரும் காட்டவில்லை, செத்ததைத்தான் காட்டுகிறார்கள். கல்யாணச் சாவு என்றால் சரி. 90 வயது, கொள்ளுப்பேரன் நெய்ப்பந்தம் பிடிக்கிறான், பொரி இறைக்கிறார்கள், அங்கே ஆடலாம். 68 வயதில் திடீரென்று போனவளுக்குப் பெற்ற மகளே ஆடுவாளா? நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. அப்படி ஒரு சாவை நான் பார்த்ததில்லை.

ரெண்டாவது இதைவிடப் பெரியது. கடைசியில் பெரியவன் சொல்கிறானே, "நாம மூணு பேருமே தப்புப் பண்ணிட்டோம்" என்று. அரங்கமே கைதட்டியது. தங்கை என்ன தப்புப் பண்ணினாள்? தன் பங்கை விட்டுத்தர மாட்டேன் என்றாள். அது தப்பா?

கல்மண்டபத்து அக்கா

தம்பி, ஆட்டத்தைப் பற்றி மட்டும் இப்போது சொல்கிறேன். எங்கள் ஆயா போனபோது எங்கள் அத்தை ஆடினார்கள். ஆயாவுக்கு அப்படி ஒன்றும் வயதாகிவிடவில்லை. ஆம்பளைகள் இழுத்து உட்கார வைக்கப் பார்த்தார்கள். "என்னப் பெத்தவ போறா, நீ யாருடா தடுக்க" என்று கையை உதறிவிட்டு ஆடினார்கள். அத்தை முகத்தில் அப்போது சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. உடம்புக்குள் நிற்காத ஏதோ ஒன்று வெளியே வந்தது, அவ்வளவுதான். மேடையில் அந்தப் பெண் ஆடியதும் அதே ஆட்டம். முதல் ரெண்டு சுற்றுக்குத் தாளத்தோடு கால் சேரவே இல்லை, கவனித்தீர்களா? ஆடத் தெரிந்து ஆடினால் அப்படி இருக்காது.

மணிக்கூண்டு

அக்கா, உங்கள் அத்தையைப் பற்றி நான் ஒரு சொல் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் நின்றவர்கள் சொந்தக்காரர்கள். மண்டபத்தில் பாதிப் பேர் கார் வைத்துக்கொண்டு வந்தவர்கள். ஆட்டம் தொடங்கியதும் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். மீன் துண்டுக்கு யாரும் செல்போனைத் தூக்கவில்லை. என் பயம் அதுதான்.

கூத்துப்பிரியன்

எனக்கு ஊர் செய்யாறு பக்கம். இப்போது எர்ணாவூரில் இருக்கிறேன்.

எங்கள் பக்கம் கருமாதிக்கு முதல்நாள் ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள். பெரியவர் யாராவது போனால் இன்றைக்கும் வைக்கிறார்கள். அதுவும் பேசாத கூடப்பிறந்தவர்கள் கதைதானே? அண்ணன் என்று தெரியாமலே தம்பிகள் சண்டை போடுகிறார்கள். அவன் விழுந்த பிறகு குந்தி ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டு அழும்போதுதான் பாண்டவர்களுக்கு உண்மை தெரிகிறது. விடியற்காலையில் அந்த இடம் வரும்போது, செத்தவர் வீட்டுப் பெண்கள் தங்கள் ஆளுக்காக அழுவார்கள். ஆனால் அதற்கு முன்னால் ராத்திரி முழுக்கக் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பான். கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் அவன் படுகிற பாட்டைப் பார்த்து, தாலி இழந்த பெண்ணே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. ராத்திரி சிரித்து இளகிய நெஞ்சுதான் காலையில் அழ முடியும் என்று எங்கள் வாத்தியார் சொல்வார்.

அதனால் இந்த நாடகம் சாவு வீட்டில் சிரிப்பைப் புதிதாகக் கொண்டுவந்து நுழைக்கவில்லை.

மணிக்கூண்டு

சரி, சிரிப்பில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் நீங்களே எடுத்துக் கொடுத்ததால் கேட்கிறேன். கர்ண மோட்சத்தில் குந்தி என்ன செய்கிறாள்? அத்தனை பேர் முன்னால், இவன் என் மகன், நான்தான் மறைத்தேன் என்று ஒப்புக்கொள்கிறாள். தப்பு யாருடையது என்று அங்கே தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிற அழுகைக்கு ஒரு நேர்மை இருக்கிறது. இந்த நாடகத்தில் யார் ஒப்புக்கொண்டார்கள்? "மூணு பேருமே" என்று தப்பை மூணாகப் பிரித்துவிட்டான் பெரியவன். வீட்டைப் பிரிக்க மனசு வராதவனுக்குத் தப்பைச் சமமாகப் பிரிக்க மட்டும் மனசு வருகிறது!

தண்டையார்பேட்டைக்காரன்

தம்பி, நீங்கள் நாடகத்தைப் பஞ்சாயத்து மாதிரி பார்க்கிறீர்கள். அம்மா பெட்டிக்குள் இருக்கிறாள், விடிந்தால் தூக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒரு அண்ணன் வாயிலிருந்து அவ்வளவுதான் வரும். 11 வருஷம் பேசாதவன் "நான்" என்று தொடங்கப் பார்த்து, முடியாமல் "நாம" என்கிறான். எனக்கு அது உண்மையாக இருந்தது. முழு மன்னிப்பு கேட்டிருந்தால்தான் சினிமா மாதிரி ஆகியிருக்கும்.

பத்திர எழுத்தர்

20 வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். இந்தக் கதையை வாரத்துக்கு ஒன்றாவது என் மேஜையில் பார்க்கிறேன். அதனால் சட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நாடகத்தில் வீடு அப்பா தன் பணத்தில் வாங்கியது, உயில் எழுதாமல் போனார், அவருடைய அம்மாவும் அப்போது உயிரோடு இல்லை. இப்படிப்பட்ட வீட்டில் மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சம பங்கு. மகன், மகள் என்று வித்தியாசம் கிடையாது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுக்கவும் வந்த திருத்தங்கள் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. பெரியவன் மேடையில் "பூர்வீகம், பூர்வீகம்" என்று நாலு தடவை சொல்கிறான். அது பூர்வீகமே இல்லை. "நகை போட்டுத்தானே கட்டிக் கொடுத்தோம்" என்பதும் சட்டத்தில் நிற்காது.

கால் கிரவுண்டு என்றால் 600 சதுர அடி. நாலு பேருக்கு ஆளுக்கு 150. ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் போட்டால் தீர்ந்தது. அவ்வளவு இடத்துக்காகத்தான் 11 வருஷம். இன்னொன்றும் கவனியுங்கள். அம்மாவும் உயில் இல்லாமல் போனதால் அவள் பங்கு மூணு பிள்ளைகளுக்கும் சமமாகப் போகிறது. கானா பாடிக்கொண்டிருக்கும்போதே தங்கையின் 150 அடி 200 அடி ஆகிவிட்டது. இதை அறிந்த ஒரு பாத்திரம்கூட மேடையில் இல்லை. அண்ணன்கள் தெரிந்தே கேட்டார்களா, தெரியாமல் கேட்டார்களா என்பதையாவது நாடகம் சொல்லியிருக்க வேண்டும். அந்த அளவில் நான் மணிக்கூண்டு பக்கம்.

கல்மண்டபத்து அக்கா

சார் சொன்ன கணக்கைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான் கையெழுத்துப் போட்டவள். 2017இல், அம்மாவின் பதினாறாம் நாள் முடிந்து பாத்திரம்கூட கழுவவில்லை, ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். படித்துப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணன் இன்றுவரை பேசுகிறான். பொங்கலுக்குச் சீர் வருகிறது. நாளைக்கு எனக்கு ஒன்றென்றால் பிறந்த வீட்டுக் கோடியும் வரும். ஆனால் அந்த வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம், நானாகக் கொடுத்தேனா, வாங்கிக்கொண்டார்களா என்று ஒரு கேள்வி வரும். அண்ணனிடம் அதைக் கேட்டால் பேச்சு நின்றுவிடுமோ என்று கேட்டதில்லை.

மேடையில் இருந்தவள் கையெழுத்துப் போடவில்லை, உறவை இழந்தாள். நான் போட்டேன், உறவு இருக்கிறது. ரெண்டு பேருக்கும் ஏதோ ஒன்று போயிருக்கிறது. அதனால்தான் அவள் ஆடியபோது எனக்கும் ஆட வேண்டும் போல இருந்தது. எங்கள் அம்மாவுக்கு நான் ஆடவில்லை.

ஆனால் தம்பி, யாரும் தப்பைச் சொல்லவில்லை என்கிறீர்களே, அவள் சொன்னாள். நீங்கள் கேட்கவில்லை. முதல் காட்சியில் ஓடிவந்து பெட்டியில் விழுந்து, பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள் இல்லையா, அந்த ஒப்பாரியில் வருகிறது:

"வாசப்படி தாண்டி வந்தேன், என்னப் பெத்த அம்மா,
வாடீன்னு சொல்ல ஆளு இல்ல.
நாலுல ஒண்ணு கேட்டேன், என்னப் பெத்த அம்மா,
நாக்கப் புடுங்கக் கேட்டாங்க."

நம் பெண்கள் நியாயம் கேட்பது ஒப்பாரியில்தான். அண்ணன் செய்ததும் அண்ணி சொன்னதும் அத்தனையும் அதில் வரும். கோபித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அவள் அழுகிறாள். பெரியவன் அந்த வரிக்குத் தலையைக் குனிந்துகொண்டு பந்தக்காலைப் பிடித்தான். அதற்குப் பிறகு விடியும்வரை அவன் பெட்டியின் அந்தப் பக்கம் வரவே இல்லை.

மணிக்கூண்டு

அக்கா, உண்மையைச் சொல்கிறேன், அந்த வரி எனக்குக் கேட்கவில்லை. நான் பின்வரிசையில் இருந்தேன். அழுகைச் சத்தம் என்று நினைத்துவிட்டேன்.

நீங்கள் சொல்கிறபடி அவள் நாலில் ஒன்று என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள் என்றால், பத்திர எழுத்தர் சாருக்கும் பாதி பதில் கிடைத்துவிட்டது, அவளுக்குத் தன் கணக்கு தெரியும். அப்படியானால் கடைசியில் பெரியவன் "மூணு பேருமே" என்று சொல்லும்போது அவள் பதில் சொல்லாமல் அம்மாவின் பச்சைப் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாளே, அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது தப்பு. அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை.

இருந்தாலும் கைதட்டியவர்கள் என்னை மாதிரித்தான் எடுத்துக்கொண்டார்கள். முக்கியமான ஒரு வரி பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் அது நாடகத்தின் குறைதான். ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதிலும் எனக்கு மாற்றமில்லை.

கூத்துப்பிரியன்

கூத்தில் ஒரு வரியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திரும்பப் பாடுவார்கள். கடைசி ஆளுக்கும் போய்ச் சேரத்தான் அது. இங்கேயும் மற்றப் பெண்கள் அந்த வரியை வாங்கிப் பாடலாம். ஒப்பாரியிலும் அந்த வழக்கம் உண்டுதானே. குழுவில் யாரையாவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரன்

நல்ல யோசனை. நான் சொல்கிறேன், மண்டபத்துக்காரர் மூலம் பேச முடியும்.

மணிக்கூண்டு

வர ஞாயிறும் காட்சி இருக்கிறதாம். இன்னொரு தடவை பார்க்கிறேன். இந்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன். அவர்களும் மாமாவும் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

கல்மண்டபத்து அக்கா

அம்மாவை முன்னால் பாயில் உட்கார வையுங்கள், இடப்பக்கம். வலப்பக்கம் ஃபேன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஆறு மணிக்கெல்லாம் வந்தால்தான் இடம் கிடைக்கும். நானும் வருகிறேன்.