பாசியில் பாஸ்பட்டேஸ் வேலையே காட்டல, உதவி வேணும்

கோத்தகிரி மாணவி:
வணக்கம். சோலை மரங்கள்ல படர்ற ஒரே இனப் பாசியை (moss) ரெண்டு இடத்துல எடுத்தேன். ஒண்ணு தேயிலைத் தோட்டத்தை ஒட்டின ஓரம், இன்னொண்ணு சோலைக்குள்ள. பாசிக்கு வேர் கிடையாது, மழையும் மஞ்சும் கொண்டு வர்றதை இலையாலயே உறிஞ்சும். தோட்டத்து யூரியாவால நைட்ரஜன் கூடினா பாஸ்பரஸ் பத்தாம, பாசி பாஸ்பட்டேஸைக் (பாஸ்பேட்டைப் பிரிச்செடுக்குற நொதி) கூட்டும்னு நினைச்சேன். மூணு தடவை செஞ்சும் ரெண்டுலயும் ஒண்ணுமே இல்ல. பாசி போடாத பிளாங்க்தான் மஞ்சளா நிக்குது! பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் முறை (நொதி உடைக்க வேண்டிய சப்ஸ்ட்ரேட் இதுதான், உடைஞ்சா மஞ்சளாகும்), கடைசியில சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 405 நானோமீட்டர்ல அளவு.

லேப் அண்ணா:
என்ன பஃபர்? சப்ஸ்ட்ரேட்டை எங்க வெச்சிருக்க?

கோத்தகிரி மாணவி:
பிஎச் மாறாம இருக்க, லேப்ல கலக்கி வெச்சிருந்த பாஸ்பேட் பஃபர், பிஎச் 7. சப்ஸ்ட்ரேட் போன வாரம் கலக்கினது, ஜன்னலோர மேசையில இருக்குண்ணா.

லேப் அண்ணா:
அங்கதான்மா சிக்கல். பாஸ்பேட்தான் இந்த வினையில வெளியாகுற பொருள். அதையே பஃபரா ஊத்தினா நொதி முடங்கிடும். அசிடேட் பஃபர், பிஎச் 5.5 கிட்ட வெச்சுப் பாரு. கரைசல் வெளிச்சத்துல கிடந்தா தானா உடைஞ்சு நைட்ரோபீனால் ஆகும், பிளாங்க் மஞ்சள் அதுதான். செய்யற அன்னிக்கே கலக்கி, ஐஸ்ல, இருட்டுல வை.

கொடைக்கானல் அக்கா:
நானும் பாசிதான் பார்க்குறேன். ஊற வெச்ச தண்ணி டீ மாதிரி பழுப்பாகும், அதுவும் மீட்டர்ல ஏறிடும். அதனால சப்ஸ்ட்ரேட் இல்லாம பாசி மட்டும் போட்ட குழாய் ஒண்ணு கட்டாயம். நுனிப் பச்சை 1 செ.மீ. மட்டும் நறுக்கு, அடிப்பக்கப் பழுப்பு வேண்டாம். சூடான ஓவன்ல உலர்த்தாதே, நொதி செத்துடும். குழாயை பாஸ்பேட் இல்லாத சோப்பால கழுவி, நீர்த்த அமிலத்துல அலசு. இன்னொண்ணு, தோட்டத்துல ராக் பாஸ்பேட்டும் போடுறாங்களான்னு விசாரி. அந்தத் தூசி பாசியில படிஞ்சா நீ எதிர்பார்த்ததுக்கு நேர்மாறா வரும்.

கோத்தகிரி மாணவி:
அக்கா, அண்ணா, இன்னிக்கு எல்லாத்தையும் மாத்திச் செஞ்சேன். பிளாங்க் பச்சத்தண்ணி மாதிரி தெளிவு. ஓரத்துப் பாசி நல்ல மஞ்சள், உள்சோலைப் பாசி எலுமிச்சைத் தண்ணி அளவுக்குத்தான். கையே நடுங்கிடுச்சு! ஒரே ஒரு நாள் சாம்பிள்தான், இன்னும் அஞ்சு மரத்துலயாவது எடுக்கணும். ராக் பாஸ்பேட் பத்தி நாளைக்கு மேஸ்திரிகிட்ட கேட்டுட்டு வந்து எழுதுறேன்.