ஜூன் இறுதியில் வரும் உறவினர்களுக்குச் சிங்கம், யானை தவிர எதைக் காட்டலாம்?

பீனிக்ஸ்வாசி:
திருநெல்வேலியிலிருந்து என் மைத்துனர் குடும்பத்தோடு ஜூன் இறுதியில் டர்பனுக்கு வருகிறார். தென்னாப்பிரிக்கா என்றதுமே அவர்களுக்குச் சிங்கமும் யானையும்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றைக் காண ஹ்லுஹ்லுவே காட்டுக்கு ஒரு நாள் அழைத்துச் செல்வேன். அதற்கு மேல், இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலரும் பார்த்திராத இயற்கை அதிசயம் ஒன்றைக் காட்ட விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்கரை மகள்:
ஐயா, அவர்கள் வரும் பருவமே அதற்கு ஏற்ற பருவம். குளிர்காலத்தில், மே முதல் ஜூலை வரை, மத்தி மீன் கூட்டங்கள் தெற்கிலிருந்து நம் கரையை ஒட்டி வடகிழக்காக வருகின்றன. சாளை என்றால் உங்கள் மைத்துனருக்கு உடனே விளங்கிவிடும். இது அதன் உறவு இனம். நம் கடலில் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டம் வெப்பமானது. குளிர்காலத்தில் அதற்கும் கரைக்கும் இடையே குளிர்ந்த நீர் ஒரு பட்டையாக உருவாகும்போது, குளிர் நீரை நாடும் மத்திகள் அதற்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன.

அவற்றைத் துரத்திக்கொண்டு ஓங்கில்களும் (டால்பின்களும்) சுறாக்களும் பிரைடு திமிங்கிலங்களும் வருகின்றன. ஓங்கில்கள் நீர்க்குமிழிகளை விட்டு மத்திகளை மிரட்டிப் பந்துபோல் ஒன்றாகத் திரட்டி மேலே தள்ளுகின்றன. அந்த நேரம் பார்த்துக் கேப் கேனட் பறவைகள் வானிலிருந்து செங்குத்தாக விழுகின்றன. அந்தப் பறவையின் அலகில் வெளித்துளையாக மூக்கு கிடையாது. முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் காற்றுப் பைகள் இருப்பதால் நீரில் மோதும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. பறவைகள் ஓரிடத்தில் கூட்டமாக விழுவதைக் கண்டால், மீன் அங்கேதான் என்று கரையிலிருந்தே சொல்லிவிடலாம்.

மீன் கரையை நெருங்கினால் கரைவலைக்காரர்கள் படகில் வலையைச் சுற்றிப் போட்டு, இரு முனைகளையும் ஆட்கள் பிடித்து மணலுக்கு இழுப்பார்கள். வலை கரையேறும்போது உள்ளே வெள்ளி நிறத்தில் துள்ளும் கூட்டத்தையும், கூடையும் வாளியுமாக ஓடிவரும் மக்களையும் உங்கள் விருந்தினர் ஒருநாளும் மறக்கமாட்டார்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்தோரின் வழியினர் பலர் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறார்கள். டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இந்திய மீனவக் குடும்பங்களின் குடியிருப்பே இருந்தது. ஆகவே இது நம் மக்களின் உழைப்போடும் சேர்ந்த காட்சி.

கடலறிவன்:
அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மத்திகள் ஏன் இப்படிப் புறப்படுகின்றன என்ற கேள்விக்கு 2021ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு வியப்பான விடை தந்தது. இந்த மத்தி ஓட்டத்தில் வரும் மீன்களில் பெரும்பாலானவை அட்லாண்டிக் பக்கத்துக் குளிர்நீர் மரபைச் சேர்ந்தவை. நாட்டின் தென்கரையில் ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலெழும் வேளையில் அவை கிழக்கே ஈர்க்கப்பட்டு, இறுதியில் தங்கள் உடலுக்கு ஒவ்வாத வெப்பக் கடலில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. அத்தனை பெரிய பயணத்தால் அந்த இனத்துக்குப் பயன் ஏதும் இல்லை என்பதை எண்ணும்போது எனக்கு மனம் கனக்கிறது.

சில ஆண்டுகளில் மீன் கரைக்கு வராமலே போய்விடும் என்பதையும் விருந்தினரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பீனிக்ஸ்வாசி:
இருவருக்கும் நன்றி. மீன் வராவிட்டால் வேறு என்ன காட்டலாம்? பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா?

தென்கரை மகள்:
வேண்டாம் ஐயா. மத்தி வரும் நாட்களில் சுறாக்களும் ஓங்கில்களும் சிக்கி மடியாதிருக்க, குளிப்போரைச் சுறாக்களிடமிருந்து காக்கக் கடலில் கட்டியிருக்கும் பாதுகாப்பு வலைகளை எடுத்துவிடுவார்கள். குளிக்கவும் தடை இருக்கும். மீன் வராவிட்டாலும், டர்பனுக்குத் தெற்கே ஸ்காட்பர்க் பக்கம் கடலைப் பார்த்தபடி காலை வேளையில் அமர்ந்தால், வடக்கே செல்லும் கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் மூச்சு விடும் நீராவியைக் காண நல்ல வாய்ப்புண்டு.

கடலறிவன்:
நேரமிருந்தால் நம் நாட்டின் ஈஸ்ட் லண்டன் நகர அருங்காட்சியகத்துக்கும் செல்லுங்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாக அறிஞர்கள் நம்பியிருந்த சீலகாந்த் மீன் 1938 டிசம்பரில் இழுவைப் படகொன்றின் வலையில் அகப்பட்டது. அதன் அருமையை உணர்ந்து காப்பாற்றியவர் அந்த அருங்காட்சியகத்தின் மார்ஜொரி கோர்ட்னி-லாட்டிமர் அம்மையார். கைகால்போல் தசை பிடித்த அதன் துடுப்புகளை அங்கே அருகிலிருந்தே பார்க்கலாம். 2000ஆம் ஆண்டில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் சோட்வானா வளைகுடாவில், 100 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், முக்குளிப்போர் அதை உயிரோடு கண்டார்கள்.