மறு: ‘சால்ட் சென்சிட்டிவிட்டி’க்கு ‘உப்புத் துலங்கல்’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம். உண்ணும் உப்புக்கேற்ப இரத்த அழுத்தம் மாறும் தன்மையே ‘சால்ட் சென்சிட்டிவிட்டி’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் உறுப்பினர் ஒருவர் எழுதியது:

> ‘உப்புணர்திறன்’ என்றே வைத்துக்கொள்ளலாம். சுருக்கமானது, கேட்டவுடன் புரியும்.

சுருக்கமானதுதான் ஐயா. ஆனால் கேட்டவுடன் புரிவது வேறு பொருள். குழம்பில் உப்பு கூடியிருப்பதைக் கண்டுபிடிக்கும் நாக்கின் திறமை என்றே பலரும் எண்ணுவார்கள். ஒரே அளவு உப்பு உண்ணும் இருவரில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது, மற்றவருக்கு அசைவதே இல்லை. நாம் பெயர் வைக்க வேண்டியது இந்த வேறுபாட்டுக்கு. இதில் நாக்குக்கு வேலை இல்லை, பெரும்பங்கு சிறுநீரகத்துடையது.

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஆய்வாளர் லூயிஸ் டால் வளர்த்த எலிகள் இதற்கு நல்ல சான்று. உப்பு மிகுந்த தீனியால் அழுத்தம் ஏறும் எலிகளைத் தமக்குள்ளும், ஏறாதவற்றைத் தமக்குள்ளும் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து, 1962இல் இரு மரபுவழிகளைப் பிரித்துக் காட்டினார். பின்னர் சிறுநீரகங்களை மாற்றிப் பொருத்தியபோது, ஏறாத வழியின் சிறுநீரகத்தைப் பெற்ற எலிக்கு அழுத்தம் தணிந்தது. ஏறும் வழியின் சிறுநீரகத்தைப் பெற்றதற்கு உயர்ந்தது.

மனிதரில் தெளிவான எடுத்துக்காட்டு, 1963இல் மருத்துவர் கிராண்ட் லிடில் விவரித்த பரம்பரை நோய். சிறுநீரக நுண்குழலில் உப்பிலுள்ள சோடியத்தை உள்ளே விடும் வாயில் போன்ற புரதம் ஒன்று உண்டு. அதற்கான மரபணுவில் பிழை நேர்ந்து வாயிலின் வால்பகுதி அறுபட்டால், அதைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து முறையாக அகற்ற முடிவதில்லை. வாயில்கள் பெருகி, வெளியேற வேண்டிய சோடியம் உடலுக்கே திரும்புகிறது. இளவயதிலேயே அழுத்தம் உயர்கிறது. 1994இல் இந்தப் பிழை கண்டறியப்பட்டது. ஆனால் இது அரிய நோய். பெரும்பாலோரிடம் பல மரபணுக்களின் சிறுசிறு வேறுபாடுகள் சேர்ந்தே செயல்படுகின்றன. வயது, எடை, பொட்டாசியம் உண்ணும் அளவு ஆகியவையும் கூடவே வருகின்றன.

ஆகவே சொல் அளவைக் காட்ட இடம்தர வேண்டும். மைரன் வைன்பெர்கர் குழுவினரின் 1986ஆம் ஆண்டுச் சோதனையைப் பாருங்கள். முதல் நாள் 2 லிட்டர் உப்புக் கரைசலைச் சிரைவழியே ஏற்றினார்கள். மறுநாள் உணவில் உப்பைக் குறைத்து, சிறுநீரைப் பெருக்கும் மருந்து கொடுத்தார்கள். சராசரி அழுத்தம் 10 மி.மீ. (பாதரச அளவு) அல்லது அதற்கு மேல் இறங்கினால் ‘உணர்திறன் உள்ளவர்’ என்று பெயர், 5 மி.மீ.க்கு மேல் இறங்காவிட்டால் ‘இல்லாதவர்’ என்று பெயர். 7 மி.மீ. இறங்கியவர் எங்கே போவார்? ‘உணர்திறன் உள்ளவர், இல்லாதவர்’ என்று இரண்டாகப் பிரித்தால் அவருக்கு இடமே இல்லை.

பள்ளிப் பாடநூல்களில் தூண்டலும் துலங்கலும் ஏற்கெனவே வேரூன்றியவை. உப்பு தூண்டல், அழுத்த மாற்றம் துலங்கல். எனவே ‘உப்புத் துலங்கல்’ என்பது என் பரிந்துரை. மிகைத் துலங்கல், இடைத் துலங்கல், குறைத் துலங்கல் என்று அது தானாகவே விரியும். முந்தைய மடலில் வந்த ‘உப்புத் தாங்குதன்மை’ வேண்டாம். அது உவர்நிலத்து நெல் ரகங்களுக்கே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் தீரவில்லை. உப்பைக் குறைத்தால் அழுத்தம் ஏறுகிறவர்களும் சிலர் உண்டு. அதை ‘எதிர்த் துலங்கல்’ என்றால் தடுப்பாற்றல் என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘தலைகீழ்த் துலங்கல்’ எனலாமா? நோயாளிகளிடம் தினமும் பேசும் மருத்துவர்கள் சொல்லுங்கள்.