பாலாற்று வண்டலில் குரோமியம்: வரைபடம் எப்படிப் போடுவது?

ஆம்பூர்க்காரன்:
எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்கு வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை பாலாற்று வண்டலில் குரோமியம், ஈயம், செம்பு பார்க்கப் போகிறேன். துறைமுகச் சேற்றில் செய்த ஆய்வுகளைப் படித்துவிட்டு, அதே மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்து மாதிரி எடுத்து க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் கிரிகிங் (மாதிரி எடுத்த புள்ளிகளை வைத்து இடைப்பட்ட இடங்களின் அளவைக் கணித்து நிரப்பும் முறை) போடலாம் என்று இருந்தேன். இங்கே வந்து பார்த்தால் பாதி இடம் வெறும் மணல். சரிப்படுமா?

மண்ணுளி:
தம்பி, அப்படியே எடுத்தால் உங்கள் வரைபடம் மாசைக் காட்டாது, எங்கே மணல், எங்கே களி என்றுதான் காட்டும். உலோகம் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் களியிலும் மக்கிலும். துறைமுகத்துக்குள் அலை அடங்கிக் கிடப்பதால் நுண்ணிய சேறு தானாகப் படியும், பாலாற்றிலோ ஒரு வெள்ளம் வந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். மடு, தடுப்பணைக்கு மேல்புறம், ஆற்றுக் கால்வாய் வந்து விழுகிற ஏரி, இங்கெல்லாம் தேடுங்கள். 63 மைக்ரானுக்குக் கீழே உள்ளதை மட்டும் நைலான் சல்லடையில் சலித்து எடுங்கள், களி எவ்வளவு என்று காட்டும் அலுமினியத்தையும் அளந்து அதோடு விகிதம் பாருங்கள். அப்புறம் எவர்சில்வர் கரண்டியால் அள்ளாதீர்கள், அதிலேயே குரோமியம் இருக்கிறது!

காட்பாடி_ஜிஐஎஸ்:
கிரிகிங் வேண்டாம். ஆறு ஒரு கோடு மாதிரி, மென்பொருளுக்கு அது தெரியாது, கரையைத் தாண்டி நெல் வயலுக்கும் ஊருக்கும் சேர்த்துச் சிவப்பு பூசிவிடும். புள்ளிகளாகவே போட்டு, ஆற்றின் நீளவாக்கில் தூரம் வைத்து ஒரு வரைகோடும் சேருங்கள். டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலையின் கழிவு இறங்கும் வாய்க்காலுக்கு மேலேயும் கீழேயும், பொன்னையாறு சேருமிடத்துக்கு முன்னும் பின்னும் கட்டாயம் புள்ளி வேண்டும்.

வாலாஜா வேதியியல்:
மொத்தக் குரோமியத்தை மட்டும் அளந்து பயமுறுத்தாதீர்கள். தோல் பதனிடப் பயன்படுத்துவது மூவிணைதிறக் குரோமியம் என்ற வகை. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலில் இருப்பது அறுவிணைதிறக் குரோமியம் என்ற இன்னொரு வகை, புற்றுநோய் வரவழைப்பதும் தண்ணீரில் எளிதாக நகர்வதும் அதுதான். அதற்குத் தனிச் சோதனை உண்டு, காரக் கரைசலில் பிரித்தெடுக்க வேண்டும், மாதிரியை அடுப்பில் காயவைக்காமல் குளிரில் வையுங்கள். ஒப்பிட உலக சராசரிக் களிப்பாறையின் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கு) எடுக்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டேனரிகளுக்கு மேலே, கழிவு வராத ஓடையின் வண்டலையே பின்னணி அளவாக வையுங்கள்.

ஆம்பூர்க்காரன்:
நன்றி அண்ணா. ஏரியில் குழாய் இறக்கி அடுக்கடுக்காக எடுத்தால், டேனரி மாசு பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முன் எப்படி, பின் எப்படி என்று தெரியுமா?

மண்ணுளி:
ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தை வைத்து ஒவ்வொரு அடுக்கின் வயதையும் கணித்தால்தான் தெரியும், செலவு பிடிக்கும். அதற்கு முன்னால் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். விவசாயிகள் வயலுக்கு வண்டல் அள்ளிய ஏரி என்றால் மேலடுக்கே இருக்காது.